சிங்கப்பூர் ராக் கச்சேரியும் நம்மூர் மைக் செட்டும்

1/
ராக் கச்சேரின்னா காட்டுக் கத்தல்னு முப்பது வருஷத்துக்கு மேல நம்பிட்டு இருந்த ஆள் நான். போன வருஷம் சிங்கப்பூர்ல ஒரு ராக் கச்சேரியில ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தேன். அதுக்கப்புறம் நம்மூர் திருவிழா மைக் செட்டைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். திட்டறதா இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க மக்களே.

2/
நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கறேன். எம்.பி.பி.எஸ். காது மூக்கு தொண்டை நிபுணர் கிடையாது. சங்கீதம் படிச்சவனும் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பைக் காதுல மாட்டிட்டு தினமும் சில நூறு பேர் நெஞ்சைக் கேக்கறவன். அதாவது, காதை வச்சு சோறு சாப்பிடறவன். அந்தத் தகுதியில பேசறேன்.

3/
கீழக்கரைக்காரன் ஒருத்தன், என் கூடப் படிச்சவன், சிங்கப்பூர்ல வேலை பார்க்கறான். "நாலு நாள் லீவு போட்டுட்டு வாடா"ன்னு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டு இருந்தான். போனேன். மூணாவது நாள் சாயங்காலம் "கச்சேரிக்குப் போலாம், டிக்கெட் கிடையாது, சும்மா"ன்னான். தமிழ்ப் பாட்டுன்னு நினைச்சுக் கிளம்பிட்டேன். போனா ராக்.

4/
எஸ்பிளனேடுன்னு மரினா பே ஓரமா ஒரு கலை அரங்கம். 2002-ல திறந்தது. கூரை முள்ளு முள்ளா இருக்கறதால அந்த ஊர்க்காரங்க டுரியான் பழம்னே சொல்லுவாங்க. அதே வருஷத்துல இருந்து பேபீட்ஸ்னு ஒரு ராக் திருவிழா அங்க நடக்குது. பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. பெரும்பாலும் அந்த ஊரு, பக்கத்து நாட்டுப் பசங்க, பொண்ணுங்க. தண்ணி ஓரத்துல திறந்தவெளி மேடை. யார் வேணா வந்து நிக்கலாம்.

5/
உண்மையைச் சொல்லணும்னா, அரை மணி நேரத்துல தலைவலி மாத்திரை தேடுவேன்னு நினைச்சேன். டிரம்ஸ்ல ஒரு பொண்ணு. கிட்டார் ரெண்டு, பேஸ் ஒண்ணு. பேர் தெரியாத பேண்டு, பாதி வரி புரியலை. முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆனா காது வலிக்கலை. அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

6/
நாலு வாத்தியமும் தனித்தனியா கேட்டுச்சு. பேஸ் கம்பி அதிர்ந்து அடங்கறது வரைக்கும் கேட்டுச்சு. பாடறவர் மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. நண்பன் காதுகிட்ட குனிஞ்சு பேசினா அதுவும் புரிஞ்சுது. அவ்வளவு பெரிய சத்தத்துக்குள்ள இவ்வளவு தெளிவு இருக்க முடியும்னு எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

7/
நடுவுல ஒரு பாட்டு. எல்லாரும் வாசிப்பை நிறுத்திட்டாங்க. ஒரே ஒரு கிட்டார் மட்டும். அதுவும் நின்னுடுச்சு. ரெண்டு மூணு செகண்டு ஒண்ணுமே இல்லை. அத்தனை பேர் நிக்கற இடத்துல ஒரு குழந்தை சிணுங்கறது கேட்டுச்சு. அப்புறம் நாலு பேரும் ஒண்ணா இறங்கினாங்க பாருங்க... எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெக்கப்படாமச் சொல்றேன். அந்த மௌனம் இல்லைன்னா அந்த அடி வெறும் இரைச்சல்.

8/
அப்புறம்தான் டாக்டர் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுது. சுத்திப் பார்த்தேன். ஒலியைக் கட்டுப்படுத்தறவர் மேடைக்குப் பின்னாடி உக்காரலை. கூட்டத்துக்கு நடுவுல, நாம நிக்கற இடத்துல இருக்கார். அப்பப்போ எழுந்து ஓரத்துக்குப் போய் நின்னு கேட்டுட்டுத் திரும்பி வந்து எதையோ குறைக்கறார். கூட்டத்துக்கு என்ன கேக்குதோ அதையே தானும் கேக்கறார்.

நம்மூர்ல ஆம்ப்ளிஃபையர் எங்க இருக்கும்? மேடைக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் பக்கத்துல.

9/
எனக்குப் பக்கத்துல ஒரு அப்பா. தோள்ல ரெண்டு வயசுக் குழந்தை. குழந்தை காதுல ஹெட்போன் மாதிரி பெரிய காதடைப்பான். இந்தப் பக்கம் நின்ன காலேஜ் பொண்ணு காதுல சின்னதா நுரைப் பஞ்சு மாதிரி ஒண்ணு. நான் வேடிக்கை பார்க்கறதைப் பார்த்துட்டு கைப்பையில இருந்து புதுசா ஒரு ஜோடி எடுத்து நீட்டுச்சு. "இசை பிடிக்கும்னா காதைக் காப்பாத்தணும்ல"ன்னு இங்கிலீஷ்ல சொல்லுச்சு. எம்.பி.பி.எஸ். படிச்ச எனக்கு.

10/
போன்ல டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன். 95, 96-ஐச் சுத்தி ஆடுச்சு. குறைவு இல்லை. அந்த அளவுல காதை மூடாம ஒரு மணி நேரம் நின்னாலே தப்பு. அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் காதடைப்பானோட வர்றாங்க. சரியா சொன்ன நேரத்துக்கு முடிச்சாங்க. நடந்தே ரூமுக்குப் போனோம். காதுல ஒரு ங்ங்ங் கூட இல்லை.

11/
இப்ப நம்மூருக்கு வாங்க.

ஊர் திரும்பி ரெண்டு வாரம் இருக்கும். நைட் டூட்டி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுல திருவிழா. எந்த ஊர், எந்தச் சாமின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லா ஊர்லயும், எல்லாச் சாமிக்கும் இதே கதைதான். மணி பதினொண்ணே கால்.

12/
எட்டு மாச கர்ப்பிணி ஒருத்தங்க வர்றாங்க. மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி, கால் வீக்கம், "கண்ணு மங்கலா தெரியுது சார்". மருத்துவம் படிச்ச யாருக்கும் இதைக் கேட்டதும் வயித்தைக் கலக்கும். உடனே பி.பி. பார்க்கணும். டிஜிட்டல் மெஷின் ரெண்டு தடவையும் எரர் காட்டுது. சரின்னு பழைய மெஷினைக் கட்டி ஸ்டெத்தை வச்சேன்.

என் காதுல கேட்டது அந்தம்மாவோட ரத்த ஓட்டம் இல்லை. குத்துப் பாட்டு.

13/
பி.பி. பார்க்கறது எப்படின்னு தெரியாதவங்களுக்கு: பட்டையை இறுக்கிக் காத்தை மெதுவா விடும்போது ரத்தக்குழாய்ல ஒரு 'டொக் டொக்' ஆரம்பிக்கும். அது மேல் அளவு. அது மறையற இடம் கீழ் அளவு. ரொம்ப மெல்லிய சத்தம். நாடியைப் பிடிச்சா மேல் அளவை ஓரளவு கணிக்கலாம். கீழ் அளவுக்குக் காதுதான் கதி. ஜன்னல் கண்ணாடியே அதிர்ற இடத்துல எங்க கேக்கறது?

14/
சிஸ்டரும் நானும் அந்தம்மாவை வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டுப் பின்னாடி மருந்து ஸ்டோர் ரூமுக்குப் போனோம். கதவைச் சாத்தி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவுல வச்சுப் பார்த்தோம். 170-க்கு 110. வலிப்பு வர்றதுக்கு முன்னாடி மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பி.பி. மருந்து கொடுத்து, 108-ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க.

ஆனா பத்து நிமிஷம் போச்சு. அந்த நோய்ல பத்து நிமிஷத்துல என்ன வேணாலும் நடக்கலாம்.

15/
நடுவுல சிஸ்டர் விழாக் கமிட்டிக்குப் போன் போட்டாங்க. வந்த பதில்: "ஒரு நாள் கூத்துதானே சிஸ்டர், அனுசரிச்சுப் போங்க."

இந்த 'ஒரு நாள்'ங்கற வார்த்தைக்குத்தான் நான் இன்னைக்குப் பதில் எழுதறேன்.

16/
கோயில் கொடை ஒரு நாள். சந்தனக்கூடு ஒரு நாள். மாதா கொடியேத்தம் ஒரு நாள். கட்சிக் கூட்டம் ஒரு நாள். கல்யாணம் ஒரு நாள். காதுகுத்து, சடங்கு, புதுமனை, தலைவர் பிறந்தநாள், கடை திறப்பு விழா. உங்களுக்கு அது ஒரு நாள். அந்தத் தெருவுல இருக்கற கைக்குழந்தைக்கும், பன்னெண்டாவது படிக்கற பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்கும் அது வருஷத்துல எத்தனை நாள்னு எப்பவாவது கூட்டிப் பார்த்திருக்கீங்களா?

17/
இப்ப கொஞ்சம் மருத்துவம். உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். நாம பிறக்கும்போது கொண்டு வர்றது அவ்வளவுதான். தோல் வளரும், எலும்பு கூடும், ஈரல் கூட வளரும். இந்தச் செல் செத்தா செத்ததுதான். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஆபரேஷன் பண்ணி வளர வைக்கவும் முடியாது.

18/
எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கும்? அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது. 85 டெசிபல்னா 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு 1 மணி. 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். பாக்ஸ் அடுக்குக்கு முன்னாடி ஆடற பையன் எத்தனை மணி நேரம் ஆடறான்?

19/
காது போறதுன்னா திடீர்னு இருட்டற மாதிரி இல்லை. முதல்ல போறது உச்ச அலைவரிசை. உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து மழுங்கிடும். பல்லு, கல்லு எல்லாம் ஒண்ணு போலக் கேக்கும். "கேக்குது டாக்டர், ஆனா புரியலை"ம்பாங்க. வீட்டுல "மனுஷனுக்குக் கவனமே இல்லை"ன்னு திட்டு விழும். அவர் மெல்லப் பேச்சைக் குறைச்சுப்பார். இதை நான் வாரம் தவறாம ஓ.பி.யில பார்க்கறேன்.

20/
எங்க கரையில இது ரெட்டைப் பாரம். விசைப்படகுல இன்ஜின் சத்தத்துலயே ராத்திரி முழுக்கக் கிடந்துட்டு வர்ற மீனவர்கள் இவங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனுக்கு ஓய்வு. அந்த மனுஷங்க காதுக்கும் ஓய்வு கிடைக்க வேண்டிய ரெண்டு மாசம். அப்பதான் ஊர் ஊரா திருவிழா சீசன் களை கட்டும். கடல்ல இன்ஜின், கரையில கூம்பு.

21/
அந்தக் கூம்பு ஸ்பீக்கரைப் பத்தி. அதுக்குக் கனமான அடிநாதமும் வராது, நுணுக்கமான மேல்நாதமும் சரியா வராது. நடுவுல இருக்கறதை மட்டும் ஈட்டி மாதிரி தூரத்துக்கு எறியும். மனுஷக் காது ரொம்பக் கூர்மையா கேக்கற இடத்துலயே குத்தும். அறிவிப்பு சொல்ல உண்டான கருவி அது. அதுல இளையராஜாவைப் போட்டாலும் ரஹ்மானைப் போட்டாலும் தகரத்தைத் தட்டற மாதிரிதான் இருக்கும். பாட்டுக்காரங்களுக்கே அது அவமானம்.

22/
"இது எங்க பண்பாடு"ன்னு ஒரு பதில் வரும். எது பண்பாடு? நாதஸ்வரமும் தவிலும் பறையும் பண்பாடு. கரண்டே இல்லாம தெருவை நிறைக்கறதுக்குன்னே நம்ம முன்னோர் செஞ்ச வாத்தியங்கள் அவை. அந்த நாதஸ்வரத்துக்கு முன்னாடி மைக்கை வச்சுக் கூம்புல விட்டு நாராசமாக்கறது எந்தப் பாட்டன் சொல்லிக் கொடுத்தது? கூம்பு வெளிநாட்டுச் சரக்கு. வந்து நூறு சொச்சம் வருஷம்தான் ஆகுது.

23/
வெளிநாட்டு இசையே வேணாம்னும் நான் சொல்ல வரலை. எங்க கரைக்கு அது புதுசும் இல்லை. அப்பா தலைமுறை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. ஏ.ஈ. மனோகரனோட 'சுராங்கனி' எல்லாம் கடலைத் தாண்டித்தான் எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்துச்சு. எதுல கேட்டாங்க? உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர்ல. இன்னைக்கும் அப்பா அந்தப் பாட்டைத் தாளம் தவறாமப் பாடுவார்.

24/
"மத விஷயத்துல தலையிடாதே"ன்னு அடுத்த பதில் வரும். இதைச் சுப்ரீம் கோர்ட் 2000-லயே பேசிடுச்சு. அதுவும் நம்ம சென்னை வழக்கு. ஒரு சர்ச்சோட ஒலிபெருக்கி பத்தி கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம் தொடுத்தது. அடுத்தவங்க அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வச்சுப் பிரார்த்தனை பண்ணச் சொல்லி எந்த மதமும் விதிக்கலைன்னு தீர்ப்பு வந்துச்சு. அது எல்லா மதத்துக்கும்தான்.

25/
அதே 2000-ல ஒலி மாசு விதிகள் வந்தாச்சு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்க பகல்ல 50, ராத்திரி 40. ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரை திறந்த இடத்துல ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்னு வருஷத்துக்கு மொத்தம் 15 நாள் மட்டும் 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். 25 வருஷமா சட்டம் இருக்கு. நடைமுறைப்படுத்த ஆள் இல்லை. கேட்டா, "திருவிழா நேரத்துல போய் எதுக்கு சார் பிரச்சனை."

26/
இப்ப வர்ற பதில்தான் என்னை உண்மையாவே யோசிக்க வச்சது. ஒரு தம்பி கேட்டான்: "சார், பணக்காரனுக்கு ஏ.சி. ஹால் இருக்கு. எங்களுக்கு இருக்கறது இந்தத் தெருவும் வருஷத்துல ஒரு ராத்திரியும்தான். அதையும் பிடுங்கறீங்களா?"

நியாயமான கேள்வி. பிடுங்கச் சொல்லலை தம்பி. நான் கேக்கறது வேற.

27/
சிங்கப்பூர்ல நான் கேட்டதும் இலவசக் கச்சேரிதான். டிக்கெட் இல்லை. பக்கத்துல நின்னவங்கள்ல கட்டட வேலைக்கு வந்த நம்ம ஊர்த் தம்பிங்களும் இருந்தாங்க. இலவசம்தானேன்னு யாரும் தகரச் சத்தத்தை அவங்க மூஞ்சியில அடிக்கலை. காசு கொடுத்தவனுக்கு என்ன தரமோ அதே தரத்துல கொடுத்தாங்க.

ஏழைன்னா அவனுக்கு இரைச்சல் போதும்னு முடிவு பண்ணது யாரு? அவனுக்கும் நல்ல ஒலி வேணும்னு கேக்கறதா கொண்டாட்டத்துக்கு எதிரி ஆகறது?

28/
ராக் உலகம் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்லை. அவங்களும் காதைக் கொடுத்துத்தான் கத்துக்கிட்டாங்க. 1976-ல லண்டன்ல 'தி ஹூ' பேண்டு மேடையில இருந்து 32 மீட்டர் தூரத்துல 126 டெசிபல் அடிச்சு கின்னஸ்ல ஏறுச்சு. அதே பேண்டு கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது போச்சு. காதுகளைக் கெடுக்கத் தூண்டுற மாதிரி ஆகுதுன்னு கின்னஸ் அந்தப் பிரிவையே பின்னால கைவிட்டது. ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல காதுக்காகச் சுற்றுப்பயணத்தைப் பாதியில நிறுத்தினார். அவங்க திருந்த ஆரம்பிச்ச இடத்துல நாம இப்பதான் நுழையறோம்.

29/
உலக சுகாதார நிறுவனம் 2022-ல கச்சேரி, கிளப் மாதிரியான இடங்களுக்கு ஒரு வரையறை கொடுத்துச்சு. சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலி அளவை நேரடியா கண்காணிக்கணும். வர்றவங்களுக்குக் காதடைப்பான் கிடைக்கணும். காதுக்கு ஓய்வு கொடுக்க ஒரு அமைதியான இடம் இருக்கணும். இசையை நிறுத்துன்னு ஒரு வரி கூட அதுல இல்லை.

30/
நானும் குற்றவாளிதான். மூணு வருஷம் முன்னாடி என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். "நம்ம வீட்டு விசேஷம் நாலு ஊருக்குக் கேக்கணும்"னு செட்டுக்குக் கூடுதலா அட்வான்ஸ் கொடுத்ததும் நான்தான். பிள்ளை என் மடியில உக்காந்து ரெண்டு கையாலயும் காதைப் பொத்திட்டு அழுதுச்சு. ஊசிக்குப் பயந்து அழுதுன்னு சிரிச்சோம். ஊசி அப்ப வரவே இல்லை.

காது குத்தறதுக்கு ஒரு விழா. காதைக் கிழிக்கறதுக்கு ஒரு செட்டு. அதையும் ஒரு டாக்டர் காசுல.

31/
ரேடியோ செட்டுக்காரரை நான் குறை சொல்லலை. எத்தனை பாக்ஸ், எவ்வளவு தூரம் கேக்கும்னு பார்த்துத்தான் நாம காசு கொடுக்கறோம். எவ்வளவு தெளிவா இருந்துச்சுன்னு எந்தக் கமிட்டியாவது கேட்டிருக்கா? தெருவோட ஒரு முனையில இருக்கற மலை மாதிரி அடுக்கைக் கலைச்சு, சின்னச் சின்ன பாக்ஸா பிரிச்சு, கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க. குறைஞ்ச சத்தத்துலயே எல்லாருக்கும் கேக்கும். அவருக்கே தெரிஞ்ச வேலைதான். நாமதான் கேக்கறதில்லை.

32/
விழாக் கமிட்டிக்காரங்களுக்கு என் கோரிக்கை மூணே மூணு. கூம்பு வேணாம். பத்து மணிக்கு நிறுத்துங்க. பந்தக்கால் ஊன்றதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னு பார்த்து நூறு மீட்டர் தள்ளிப் போங்க. உங்க வீட்டுப் பொண்ணும் ஒரு ராத்திரி அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வரும்.

33/
அரசுக்கும் ஒண்ணு. 2023-ல இருந்து பொங்கலுக்குச் சென்னையில 'நம்ம ஊரு திருவிழா'ன்னு பூங்காவுலயும் கடற்கரையிலயும் இலவசமா நல்ல மேடை போட்டுக் கலைஞர்களை ஏத்தறீங்க. 2015-ல ஊரூர் ஆல்காட் குப்பத்துல, ஒரு மீனவர் குடியிருப்புல, இசை விழாவைத் தொடங்கிக் காட்டினாங்க. பாம்பன் கரையிலயும் ராமேஸ்வரத்துலயும் அப்படி ஒரு மேடை வேணும். பறையும் வரட்டும், ராக்கும் வரட்டும். ஒரு தடவை நல்ல ஒலியைக் கேட்டுட்டா எங்க பசங்களே தகரத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க. எனக்கு நடந்தது அதுதான்.

34/
கடைசியா, உங்களுக்கு. கச்சேரி முடிஞ்சு காதுல 'ங்ங்ங்'னு சத்தம் கேட்டா அது போதை இல்லை, காயம். அடுத்த தடவை தள்ளி நில்லுங்க. திறந்தவெளியில தூரம் இரட்டிப்பானா சுமார் 6 டெசிபல் குறையும். நுரைக் காதடைப்பான் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும், வாங்கி வச்சுக்கங்க. சாதாரணப் பஞ்சு பெரிசா தடுக்காது. கைக்குழந்தையைத் தோள்ல வச்சுக்கிட்டு பாக்ஸ் முன்னாடி நிக்கவே நிக்காதீங்க. ஒரு காது திடீர்னு கேக்கலைன்னா எண்ணெய் ஊத்திட்டுக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே காது டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் வந்தா சிலருக்கு மீட்க வாய்ப்பு இருக்கு.

35/
அந்தப் பொண்ணு கொடுத்த காதடைப்பான் இன்னும் என் பையிலதான் இருக்கு. இந்த சீசன்ல நாலு நைட் டூட்டியில அதைப் போட வேண்டி வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குள்ள. ஆனா பி.பி. பார்க்கும்போது அதைக் கழட்டித்தானே ஆகணும் மக்களே?

இன்னைக்கும் எனக்கு நைட் டூட்டி. கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு வைங்க.